ரூபாய், டாலர், அந்நியச் செலாவணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். "1947-ல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய், இன்று பாருங்கள்" என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு உறவினர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ரூபாயின் கதையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: மாற்று விகிதம் மாறும்போதெல்லாம் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போயிருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு என்று பார்த்தால்தான் இந்த வரலாறு புரியும்.

1947-ல் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய் என்பது உண்மையா?

உண்மையில்லை. ஒரு டாலர் அப்போது சுமார் 3 ரூபாய் 31 காசு. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ரூபாய் அன்று பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால் ஒரு பவுண்டு 13 ரூபாய் 33 காசு. ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்தால் 3.31 வரும். பன்னாட்டு நிதியத்தில் (ஐ.எம்.எஃப்.) இந்தியா பதிவு செய்த மதிப்பும் இதேதான்: ஒரு ரூபாய்க்கு 30.225 அமெரிக்க சென்ட்.

"சுதந்திரம் கிடைத்தபோது நமக்குக் கடன் இல்லை, அதனால் ஒன்றுக்கு ஒன்று" என்று அந்தப் படத்தில் ஒரு விளக்கமும் இருக்கும். கடன் இல்லாவிட்டால் இரண்டு நாட்டுப் பணமும் சமமாகிவிடும் என்று ஒரு விதியும் கிடையாது. ஒரு நாணயத்தின் அலகு பெரிதா சிறிதா என்பது பழைய வழக்கத்தால் வந்தது. குவைத் தினார் ஒன்றுக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைக்கும். ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேல் யென் கிடைக்கும். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்ற விகிதத்தில் இருந்துகொண்டுதான் ஜப்பான் உலகத்துக்கே ரேடியோவும் காரும் விற்றது. ஒரு தேதியில் எண் என்ன என்பதைவிட, அது ஏன் மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ரூபாய் எப்போது தொடங்கியது?

வெள்ளியில் செய்தது என்ற பொருள் தரும் 'ரூப்ய' என்ற வடசொல்லிலிருந்து பெயர் வந்தது. 1540 முதல் 1545 வரை டெல்லியை ஆண்ட ஷேர் ஷா சூரி சுமார் 11.5 கிராம் எடையில் வெளியிட்ட வெள்ளிக் காசுதான் நாம் ரூபாய் என்று சொல்வதன் முன்னோடி. முகலாயர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நூறாண்டுக்கு மேல் இந்த அளவு மாறவில்லை.

அதற்கு முன் தமிழ்நாட்டில் என்ன புழங்கியது?

வராகன், பணம், காசு. வராகன் தங்கம். சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம், பணம் ஒன்றுக்கு 80 காசு. ஆக ஒரு வராகன் 3,360 காசு. வடக்கே வெள்ளி, தெற்கே தங்கம் என்று இரண்டு உலகம் இருந்ததால், இரண்டுக்கும் நடுவில் வட்டம் பிடித்து மாற்றிக் கொடுத்த சராப்புகளுக்கு நல்ல வருமானம். 1818-ல் சென்னை மாகாணமும் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு. வராகன் போய்விட்டது, பணம், காசு இரண்டும் நாணயத்தின் பெயராக இல்லாமல் பொதுச் சொல்லாக நம் வாயில் தங்கிவிட்டன.

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்ததா என்று கேட்பார்கள். கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் நம் காசிலிருந்து, போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போனது. ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் ரூபாய் விழவே இல்லையா?

நன்றாகவே விழுந்தது. அந்த வீழ்ச்சியைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் அதிகம் பேசாதது எனக்கு எப்போதும் வருத்தம்.

1870-களில் ஜெர்மனி வெள்ளி நாணயத்திலிருந்து தங்கத்துக்கு மாறியது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாக வெள்ளியைக் கைவிட்டன. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி குவிந்தது. வெள்ளியின் விலை சரிந்தது, வெள்ளியால் ஆன நம் ரூபாயும் அதோடு சரிந்தது. 1871 வாக்கில் ஒரு ரூபாய்க்கு 23 பென்ஸ் கிடைத்தது. 1894-95-ல் கிடைத்தது 13 பென்ஸ் அளவுக்குத்தான்.

இது யாரைத் தாக்கியது? இந்திய அரசு ஆண்டுதோறும் லண்டனுக்குக் கட்ட வேண்டிய பெரிய தொகை ஒன்று இருந்தது. 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். ரயில்வேக் கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரிகளுக்குப் பென்ஷன், ராணுவச் செலவு, லண்டனில் இந்தியா அலுவலகத்தை நடத்தும் செலவு எல்லாம் அதில் அடக்கம். அத்தனையும் பவுண்டில் கட்ட வேண்டும். 23 பென்ஸ் விகிதத்தில் ஒரு கோடி பவுண்டு அனுப்ப ஏறக்குறைய பத்தரைக் கோடி ரூபாய் போதும். 13 பென்ஸ் விகிதத்தில் அதே ஒரு கோடி பவுண்டுக்குப் பதினெட்டரைக் கோடி ரூபாய். அந்த எட்டுக் கோடி எங்கிருந்து வரும்? நிலவரியும் உப்பு வரியும் கட்டியவர்களிடமிருந்துதான்.

பணம் லண்டனுக்குப் போன விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிருந்து பருத்தியும் சணலும் தேயிலையும் வாங்கும் வெளிநாட்டு வியாபாரி, லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரியிடம் பவுண்டைக் கொடுத்து 'கவுன்சில் பில்' வாங்குவார். அந்தச் சீட்டைக் கல்கத்தா, பம்பாய், சென்னைக் கஜானாக்களில் காட்டினால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாயில் இங்கே சரக்கு கொள்முதல் நடக்கும். ஆக, நம் விவசாயி விளைவித்த சரக்குக்கு உலகம் கொடுத்த விலை லண்டனிலேயே தங்கிவிட்டது. இங்கே விவசாயிக்குக் கிடைத்தது ஊரார் கட்டிய வரிப்பணம். இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

வீழ்ச்சியைத் தடுக்க 1893-ல் ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி, யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் ரூபாயாக அடித்துக்கொள்ளலாம் என்ற உரிமையை அரசு எடுத்துவிட்டது. ரூபாய்க்குத் தட்டுப்பாடு வந்தது, மதிப்பு ஏறியது. 1898-ல் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒரு சவரனுக்கு (ஒரு பவுண்டு தங்கக் காசுக்கு) 15 ரூபாய் என்று நிலைத்தது. அதோடு கிராமத்து வீடுகளில் காப்பும் தண்டையுமாகச் சேர்த்து வைத்திருந்த வெள்ளியை நேராக ரூபாயாக்கும் வழி அடைபட்டது. ஏழைகளின் சேமிப்பு அது.

"ஒன்று நாலா, ஒன்று ஆறா" என்று ஒரு சண்டை நடந்ததாமே?

ஆமாம், 1926-27-ல். முதல் உலகப்போர் சமயத்தில் வெள்ளி விலை எகிறியதால் ரூபாயும் ஏறி 1920-ல் இரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. இரண்டு ஷில்லிங்கிலேயே நிறுத்திவிடலாம் என்று அரசு முயன்று, பெரிய நஷ்டத்தோடு தோற்றது. பிறகு வந்த ஹில்டன் யங் கமிஷன் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சொன்னது. அந்தக் கமிஷனிலேயே உறுப்பினராக இருந்த பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், 1 ஷில்லிங் 4 பென்ஸே வேண்டும் என்று மாற்றுக் கருத்து எழுதினார்.

இரண்டு பென்ஸுக்கு ஏன் இத்தனை சண்டை? ரூபாய் எட்டில் ஒரு பங்கு மதிப்பு ஏறினால் மான்செஸ்டர் துணி இங்கே அந்த அளவுக்கு மலிவாகும். லண்டனுக்குக் கட்டும் தொகையும் ரூபாயில் குறையும். மறுபக்கம் பம்பாய் ஆலைக்கும் பருத்தி விவசாயிக்கும் அடி. அரசு தனக்கு வசதியானதைத் தேர்ந்தெடுத்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1923-ல், அம்பேத்கர் தன் லண்டன் ஆய்வை 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலாக வெளியிட்டிருந்தார். அவரைச் சட்ட மேதையாக மட்டுமே அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தையும் அறிய வேண்டும்.

1 ஷில்லிங் 6 பென்ஸ் முடிவான கொஞ்ச நாளிலேயே உலகப் பெருமந்தம் வந்தது. நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் விலை பாதியாகக் குறைந்தது; வரியும் வட்டியும் குறையவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு பிணைப்பதைக் கைவிட, பவுண்டோடு கட்டப்பட்ட ரூபாயும் கூடவே இறங்கியது. தோலா 21 ரூபாய்ச் சொச்சத்துக்கு இருந்த தங்கம் விலை ஏறியது. கடனில் மூழ்கியிருந்த குடும்பங்கள் தாலிக்கொடியைத் தவிர மற்றதை விற்றன. சில குடும்பங்கள் அதையும் விற்றன. அந்தப் பத்தாண்டில் 300 கோடி ரூபாய்க்கு மேல் தங்கம் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறியது. விகிதத்தைக் காப்பாற்ற அரசுக்கு அது கைகொடுத்தது.

ரிசர்வ் வங்கி எப்போது வந்தது?

1935 ஏப்ரல் 1. முதல் நோட்டை 1938-ல் வெளியிட்டது, ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 5 ரூபாய். அதற்கு முன் 1861 முதல் நோட்டு அடிக்கும் உரிமை அரசிடம் இருந்தது. அதற்கும் முன் வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் தனித்தனியே நோட்டு வெளியிட்டன. பிரிவினைக்குப் பின் 1948 ஜூன் இறுதிவரை பாகிஸ்தானுக்கும் இதே வங்கிதான் மத்திய வங்கி.

பிரிட்டன் நமக்குக் கடன்பட்டிருந்தது என்கிறார்களே, அது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து துணி, இரும்பு, தானியம், படைவீரர் என்று எல்லாம் எடுத்துக்கொண்டது. கையில் பணம் கொடுக்கவில்லை. லண்டனில் இந்தியாவின் கணக்கில் பவுண்டு வரவு எழுதியது. அந்த வரவைப் பிணையாக வைத்து இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடித்துக் கொடுத்தது. ஆறே ஆண்டில் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் ஆனது. சரக்கு கப்பலில் போய்விட்டது, நோட்டு மட்டும் இங்கே பெருகியது. விலைவாசி என்ன ஆகும்? 1943 வங்கப் பஞ்சத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்ததற்கு இந்தப் பணவீக்கமும் ஒரு காரணம்.

போர் முடிந்தபோது அந்த வரவு சுமார் 130 கோடி பவுண்டு. 'ஸ்டெர்லிங் இருப்பு' என்பது இதைத்தான். கேட்டவுடன் எடுக்க விடாமல் லண்டன் அதை முடக்கி, 1947-லும் 1948-லும் பேச்சுவார்த்தை நடத்திக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தது. ஒரு பகுதி, பிரிட்டிஷ் ராணுவம் இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கு விலையாகவும் ஆங்கில அதிகாரிகளின் பென்ஷனுக்காகவும் கழிந்தது. மிச்சத்தில் உணவு தானியம் வாங்கினோம், ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு இயந்திரம் வாங்கினோம். 1950-களின் கடைசியில் அது கரைந்தபோதுதான் இந்தியாவுக்கு முதல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது.

அணா எப்போது போனது?

1957 ஏப்ரல் 1. அதற்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. பிறகு 100 'நயா பைசா'. 1964-ல் நயா போய்ப் பைசா மட்டும் நின்றது. என் பாட்டி கடைசிவரை ஐம்பது காசை எட்டணா என்றுதான் சொன்னார். போர்க்காலத்து ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தார்.

வளைகுடா நாடுகளில் இந்திய ரூபாய் ஓடியது உண்மையா?

உண்மைதான். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், அபுதாபி, ஓமன் எல்லா இடத்திலும் நம் ரூபாய்தான் கடைத்தெருப் பணம். அதில் ஒரு சிக்கல் வந்தது. கடத்தல்காரர்கள் ரூபாய் நோட்டைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுபோய்த் தங்கம் வாங்கினார்கள். அந்த நோட்டுகள் வங்கிகள் வழியாகத் திரும்பி வந்தபோது ரிசர்வ் வங்கி அவற்றுக்குப் பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது கடத்தல் தங்கத்துக்கு அரசே விலை கொடுத்த கதை. 1959-ல் அதைத் தடுக்க, வளைகுடாவில் மட்டும் செல்லும் தனி நிற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. ஹஜ் பயணிகளுக்கும் தனி நோட்டு வந்தது.

1961-ல் குவைத்தும் 1965-ல் பஹ்ரைனும் சொந்த தினாருக்கு மாறின. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது (அந்தக் கதை கீழே வருகிறது) மற்றவர்களும் விலகினார்கள். ஒரே நாளில் கையிலிருந்த சேமிப்பு சுருங்கினால் யார்தான் இருப்பார்கள்? ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. இன்று அதே ஊர்களிலிருந்து நம் பிள்ளைகள் திர்ஹமும் ரியாலும் அனுப்புகிறார்கள்.

இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் ஒன்றாக இருந்தனவா?

ஏறக்குறைய அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இந்திய வெள்ளி ரூபாய்தான் ஓடியது. தோட்டத் தொழிலாளர்களின் கூலியும் அதில்தான். 1872-ல் இலங்கை ரூபாயைத் தன் பணமாக்கி, அணாவை விட்டு நூறு சதமாகப் பிரித்தது. தசமத்துக்கு நமக்கு 85 ஆண்டு முன்னால் போய்விட்டார்கள். நம் ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் ஒன்று என்ற சமநிலை 1966 வரை இருந்தது. இரண்டுமே டாலருக்கு 4.76. இந்தியா 1966-ல் தனியே இறங்க, இலங்கை 1967 நவம்பரில் தன் பங்குக்கு 20 சதவீதம் இறக்கியது. அப்புறம் இரண்டும் வேறு வேறு பாதை.

1949-லும் 1966-லும் என்ன நடந்தது?

1949 எளிது. செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கியது. நாமும் கூடவே இறங்கினோம். டாலர் 4 ரூபாய் 76 காசு ஆனது. பாகிஸ்தான் இறங்க மறுத்ததால் இரு நாட்டுச் சணல் வணிகம் முடங்கியது.

1966 வலித்தது. 1962-ல் சீனப் போர், 1965-ல் பாகிஸ்தான் போர், அதோடு கடும் வறட்சி. கப்பலில் வரும் அமெரிக்கக் கோதுமையை நம்பி நாடு இருந்தது. போரைக் காரணம் காட்டி அமெரிக்கா உதவியை நிறுத்தியிருந்தது. ரூபாயை இறக்கினால்தான் உதவி தொடரும் என்று உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் நெருக்கின. இந்திரா காந்தி பிரதமராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நிதியமைச்சர் சசீந்திர சௌதுரி. ஜூன் 6 முதல் டாலர் 7 ரூபாய் 50 காசு. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் இதை ஏற்கவில்லை, அவருக்கும் இந்திராவுக்கும் விரிசல் பெரிதானதில் இதற்கும் பங்குண்டு.

இதில் எல்லோரையும் குழப்புவது சதவீதம். ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைந்தது என்று சொல்வதும் சரி, டாலரின் விலை 57.5 சதவீதம் ஏறியது என்று சொல்வதும் சரி. ஒன்று ரூபாய்ப் பக்கமிருந்து பார்ப்பது, மற்றது டாலர்ப் பக்கமிருந்து. நூறு ரூபாய்ச் சட்டையை ஐம்பதுக்கு இறக்கினால் பாதி குறைவு; மறுபடி நூறாக்கினால் இரண்டு மடங்கு. அதே கணக்கு.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அந்த இறக்கம் தவிர்க்க முடியாதது. பழைய விகிதத்தில் நம் ஏற்றுமதி நிற்கவில்லை. ஆனால் வறட்சி ஆண்டில், வெளியார் நெருக்கி, வாக்களித்த உதவியும் முழுதாக வராமல் அதைச் செய்ததுதான் ஆறாத புண் ஆனது. அடுத்த கால் நூற்றாண்டுக்கு 'மதிப்புக் குறைப்பு' என்ற சொல்லையே எந்த அரசும் வாயில் எடுக்கவில்லை.

வெளிநாடு போகிறவர் கையில் எட்டு டாலர்தான் கொண்டுபோகலாம் என்பது கதையா?

கதையில்லை. அன்று வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதலில் அந்த எட்டு டாலரைத்தான் சொல்வார்கள். 1939-ல் போர்க்கால நடவடிக்கையாக வந்த செலாவணிக் கட்டுப்பாடு 1947-ல் நிரந்தரச் சட்டமாகி, 1973-ல் 'ஃபெரா' என்ற கடுமையான வடிவம் எடுத்தது. அனுமதியில்லாமல் அந்நியப் பணம் வைத்திருந்தால் சிறை. நேர்வழி அடைபட்டால் சந்துவழி திறக்கும் என்பார்கள். வங்கிக்கு வெளியே கள்ளத்தனமாகப் பணம் அனுப்பும் உண்டியலும் ஹவாலாவும் தழைத்தது இந்தக் காலத்தில்தான். 2000 ஜூனில் அதற்குப் பதிலாக ஃபெமா என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சாதாரண மீறலுக்குச் சிறை போய் அபராதம் வந்தது. 2004-ல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் அனுப்பலாம் என்றார்கள், இப்போது வரம்பு இரண்டரை லட்சம் டாலர்.

1991-ல் தங்கத்தை அடகு வைத்தோமா?

வைத்தோம். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது, அங்கே வேலை பார்த்தவர்கள் வீடு திரும்பினார்கள், அவர்கள் அனுப்பும் பணம் நின்றது. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டை எடுக்கத் தொடங்கினார்கள். ரூபாயில் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் தள்ளாடியது. 1991 ஜூன் வாக்கில் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும்.

முதலில் சந்திரசேகர் அரசு, கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் வங்கி மூலம், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு சுவிட்சர்லாந்தில் விற்றது. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் தங்கம் 46.91 டன்னை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்து 40.5 கோடி டாலர் வாங்கியது. வீட்டில் நகை அடகு வைத்தவருக்குத்தான் தெரியும் அது என்ன மாதிரி நாள் என்று. நாடு முழுக்க அன்று அந்த உணர்வு.

ஜூலை 1-ம் தேதி ரூபாய் சுமார் 9 சதவீதம் இறக்கப்பட்டது. நரசிம்ம ராவ் பிரதமர், மன்மோகன் சிங் நிதியமைச்சர். ரிசர்வ் வங்கி ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. ரங்கராஜன். திட்டம் இரண்டு படி. எதிர்ப்பைப் பார்த்துக் கலங்கிய ராவ், இரண்டாவது படியை நிறுத்தச் சொன்னார். ஜூலை 3 காலையில் மன்மோகன் சிங் ரங்கராஜனைத் தொலைபேசியில் அழைத்தார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டிருந்தது. இரண்டாம் படி 11 சதவீதம். ஏறக்குறைய 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐத் தொட்டது.

கடனைத் திருப்பி அடைத்துத் தங்கத்தைச் சில மாதங்களிலேயே மீட்டார்கள். 2009-ல் பன்னாட்டு நிதியத்திடமிருந்தே 200 டன் தங்கம் வாங்கினோம். லண்டனில் வைத்திருந்ததில் சுமார் 100 டன்னை 2024-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது டாலர் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

1993 மார்ச் முதல் சந்தை. அதற்கு முந்தைய ஓராண்டு ஒரு நடுவழி இருந்தது: ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதத்தை அரசு விலைக்கும் 60 சதவீதத்தைச் சந்தை விலைக்கும் மாற்றலாம். 1993-ல் இரண்டும் ஒன்றாகி, டாலர் 31 ரூபாய்ச் சொச்சத்தில் நின்றது. 1994 ஆகஸ்டில் வணிகம், படிப்பு, மருத்துவம் போன்ற நடப்புச் செலவுகளுக்கு ரூபாயைத் தடையின்றி மாற்றலாம் என்று இந்தியா பன்னாட்டு நிதியத்திடம் உறுதி கொடுத்தது. சொத்து, முதலீட்டுக் கணக்கில் இன்றும் கட்டுப்பாடு உண்டு.

சந்தை என்றால் ரிசர்வ் வங்கி கைகட்டி நிற்கிறது என்று பொருளல்ல. டாலர் வேகமாக ஏறினால் கையிருப்பிலிருந்து விற்கும், குவிந்தால் வாங்கி வைக்கும். குறிப்பிட்ட விலையைக் காப்பதில்லை, ஏற்ற இறக்கத்தின் வேகத்தைத்தான் குறைக்கிறோம் என்பது அது சொல்லும் விளக்கம். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது, புதிதாக வந்த ஆளுநர் ரகுராம் ராஜன் வெளிநாட்டு இந்தியர் டெபாசிட்டைச் சலுகையோடு திரட்டி நிலைமையைச் சமாளித்தார். 2022-ல் 80-ஐயும் 2025 டிசம்பரில் 90-ஐயும் டாலர் தாண்டியது. 1991-ல் நூறு கோடி டாலர் சொச்சமாக இருந்த கையிருப்பு 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரைத் தாண்டியது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ரூபாய் விழுந்தால் எல்லோருக்கும் நஷ்டமா?

இல்லை. துபாயிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் வாழும் தாய்க்கு லாபம். சென்னை மென்பொருள் நிறுவனத்துக்கு லாபம். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிறவருக்கு நஷ்டம். நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி என்பதால், டீசல் வழியாக லாரி வாடகை, காய்கறி விலை என்று எல்லோர் வீட்டுக்கும் வந்துசேரும்.

மறுபக்கமும் உண்டு. 2007-ல் டாலர் 44-லிருந்து 39-க்கு இறங்கியபோது திருப்பூர் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். பனியனுக்கு டாலரில் விலை பேசி முடித்த பிறகு ரூபாய் வலுத்தால், கையில் வரும் தொகை சுருங்கும். நூல் விலையும் கூலியும் சுருங்காது. அந்தப் பயத்தில் சிலர் வங்கிகள் விற்ற சிக்கலான செலாவணி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள். சுவிஸ் பிராங்க், யென் என்று தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத நாணயங்களில் அவை சிக்கியிருந்தன. 2008-ல் எல்லாம் தலைகீழாகப் போக, வழக்குவரை போனது. சிறு ஏற்றுமதியாளர் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வர வேண்டிய டாலர் தொகைக்கு மட்டும் சாதாரண முன்பேர ஒப்பந்தம் (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பது) போடுங்கள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரூபாய் அடித்து டாலர் வாங்கிக் கடனை அடைத்துவிடலாமே?

டாலரை விற்க ஒருவர் வேண்டுமே. அவர் ரூபாயை வாங்குவது, அதை வைத்து இங்கே ஏதாவது வாங்க முடியும் என்பதால். நோட்டு பெருகிச் சரக்கு பெருகாவிட்டால் அவர் அதிக ரூபாய் கேட்பார். போர்க்காலத்தில் பார்த்தோமே, அதேதான்.

ரூபாய்க் குறியை உருவாக்கியவர் தமிழரா?

ஆமாம், டி. உதயகுமார். தேவநாகரி 'ர' எழுத்தையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் இணைத்து அவர் வரைந்ததை 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை ஏற்றது. 2025-ல் தமிழக அரசு தன் பட்ஜெட் சின்னத்தில் அதற்குப் பதில் 'ரூ' என்று போட்டது பெரிய விவாதமானது.

வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் இருக்கிறது. உண்மையில் வெள்ளிதானா?

ஆண்டைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரை அடித்த பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம் இருக்கும். 1940 முதல் 1945 வரை உள்ளதில் பாதிதான் வெள்ளி. போருக்காக அரசு மிச்சம் பிடித்தது அது. 1947 என்று போட்டு, பின்புறம் புலி நடந்து போவது போல் இருந்தால் அது முழு நிக்கல், ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.